யோசித்து ஏறும் பெட்டி

வயர் வைத்த சாமான் எதுவானாலும் சரி, அந்த வீட்டில் அது மூச்சை நிறுத்திய மறுநிமிடம் மூத்தவளின் மடியில் வந்து விழும். மிக்சி, இஸ்திரிப் பெட்டி, அழைப்பு மணி, கும்பல் கும்பலாகச் சார்ஜர்கள். ஒருமுறை காலால் மிதித்து ஓட்டுகிற தையல் மெஷினையும் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினாள் அம்மா. "இதுல கரண்டே இல்லையேம்மா" என்றதற்கு, "மெஷின்தானே? நீ இன்ஜினியர்தானே?" என்று கேட்டாள். இரண்டுக்கும் ஆமாம் என்பதுதான் பதில். வேறு வழி தெரியாமல் கொஞ்சம் எண்ணெய் விட்டாள். சனியன், அது ஓடிவிட்டது. அன்றிலிருந்து மாடியில் குடியிருக்கும் பெரியப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "இன்ஜினியரம்மா" என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி பெருமை, பாதி கிண்டல். எந்தப் பாதி எப்போது வரும் என்பது அன்றைக்கு அவர் இருக்கும் இருப்பைப் பொறுத்தது.

உண்மையில் இன்ஜினியரம்மாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. எலக்ட்ரானிக்ஸ் படித்தாள், நல்ல மார்க்கோடுதான் படித்தாள். ஆனால் காலேஜ் லேபில் சால்டரிங் கோல் பிடித்து வயரைப் பற்றவைத்ததெல்லாம் பையன்கள். பெண்கள் நோட்டு எழுதினார்கள். "உன் கையெழுத்து முத்து முத்தா இருக்கு, நீ எழுதிடு" என்று சொல்லிச் சொல்லியே நாலு வருஷத்தை ஓட்டிவிட்டார்கள். இப்போது நினைத்தாலும் அந்தப் பையன்களை வரிசையாக நிற்க வைத்து அறையலாம் போலிருக்கும். அடுத்த நொடியே, முத்து முத்தாக எழுதிக் கொடுத்த கை யாருடையது என்பதும் ஞாபகம் வந்து தொலைக்கும். சரி, வேலையாவது படித்ததற்கு ஏற்ற வேலையா? ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் இந்தத் திரையில் இருக்கிற எண்களை அந்தத் திரைக்கு மாற்றுகிற வேலை. அப்பா ஊரெல்லாம் "என் பொண்ணு கம்பெனியில இன்ஜினியரா இருக்கா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

மறுக்க முடியாது. அந்தக் குடும்பத்திலிருந்து காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அதுவும் லேசில் நடக்கவில்லை. அப்பா, பெரியப்பாவின் ஃபர்னிச்சர் கடையில் டெலிவரி வேன் ஓட்டுகிறவர். குடியிருப்பதும் பெரியப்பா வீட்டின் கீழ்ப்பகுதியில். அண்ணனைக் கேட்காமல் முடிகூட வெட்டிக்கொள்ள மாட்டார். மூத்தவளைக் காலேஜில் சேர்க்கிற பேச்சு வந்தபோது பெரியப்பா சொன்னது இதுதான்: "சரி, முதல்ல இவள விட்டுப் பாப்போம். தேறுறாளான்னு பாத்துட்டு அடுத்தவளப் பத்தி யோசிக்கலாம்." ஆக, மூத்தவள் சோதனை ஓட்டம். அவள் ரிசல்ட்டைப் பார்த்துத்தான் இளையவளுக்கு வழி திறக்கும்.

இப்போது இளையவள் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு நிற்கிறாள். வேறு ஊர்க் காலேஜ் ஒன்றில் இடமும் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலில் தங்க வேண்டும். அடுத்த திங்கட்கிழமைக்குள் வருகிறேன் என்று சொல்லாவிட்டால் இடம் வேறு யாருக்காவது போய்விடும். சொல்வதற்கு முன் அப்பா பெரியப்பாவிடம் கேட்க வேண்டும். கேட்பதற்கு அப்பாவிடம் ஒரே ஒரு வித்தைதான் இருந்தது.

"அண்ணன் சந்தோஷமா இருக்கிற நேரம் பாத்து மெதுவா காதுல போடணும்."

பெரியப்பா எப்போது சந்தோஷமாக இருப்பார்? இசைத்தட்டு பாடும்போது. அது ஏன் ஒழுங்காகப் பாடவில்லை? ரிமோட் வேலை செய்யவில்லை. ரிமோட்டை யார் சரி செய்வது?

"இன்ஜினியரம்மா!" என்று மாடியிலிருந்து குரல் வந்தது.

பெரியப்பாவுக்குத் திடீரென்று இசைத்தட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. வெளிநாட்டில் இருக்கும் மகன் அதற்கென்றே ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருக்கும். டிஜிட்டல் ஃபோனோ ப்ரீஆம்ப். தட்டின் மேல் ஓடுகிற முள் எழுப்பும் சத்தம் கொசு முனகுகிற மாதிரி. அதைத் தூக்கிவிட்டு, துடைத்துச் சுத்தம் செய்து, பெரிய ஸ்பீக்கர் பக்கம் அனுப்புவது பெட்டியின் வேலை. எவ்வளவு தூக்குவது என்பதற்குத்தான் கெய்ன் என்று பெயர். குறைத்து வைத்தால் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வரும். ஏற்றி வைத்தால் பாடுகிறவரின் தொண்டை கிழியும், பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னும். அந்தக் கெய்னைச் சோபாவில் சாய்ந்தபடியே ஏற்றி இறக்க, விரல் நீளத்தில் ஒரு குட்டி ரிமோட். அதுதான் செத்த மாதிரிக் கிடந்தது.

"பெட்டி மேலயே பட்டன் இருக்கே பெரியப்பா. எழுந்து அமுக்கலாமே?"

"எழுந்து அமுக்குறதுக்கா என் பையன் ரிமோட் அனுப்பினான்?"

இன்ஜினியரம்மா ரிமோட்டைத் திருப்பிப் பார்த்தாள். எல்லாப் பட்டனையும் அமுக்கினாள். பிறகு, உலகத்தில் உள்ள எல்லா நிபுணர்களும் செய்வதைப் போல, அதை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினாள். பெட்டியோடு வந்த விளக்கத்தாள் மேசையிலேயே கிடந்தது. ஆனால் அதை எடுத்துப் படித்தால், "ஓ, பாத்துத்தான் செய்வியா?" என்று பெரியப்பா கேட்பார். அதனால் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஃபோனோடு பாத்ரூமுக்குள் போனாள். கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, அதே விளக்கத்தை இணையத்தில் தேடிப் பிடித்தாள். முதல் பக்கம் எளிமையாக இருந்தது, தள்ளிவிட்டாள். எளிமையானது எதுவும் தன் தகுதிக்குப் பொருந்தாது என்று அப்போது அவளுக்கு ஓர் எண்ணம். நடுவில் படங்களும் அம்புக்குறிகளுமாகச் சிக்கலாக ஒரு பக்கம் வந்தது. அங்கே நின்றாள். எந்த ரிமோட்டின் பட்டனை வேண்டுமானாலும் இந்தப் பெட்டிக்குக் கற்றுக்கொடுக்கலாமாம். பெட்டி அந்தச் சிக்னலை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுமாம். சரி, பெட்டி தன் சொந்த ரிமோட்டை மறந்துவிட்டது, திரும்பக் கற்றுக்கொடுத்தால் போகிறது.

ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைகிற டாக்டர் மாதிரி வெளியே வந்தாள். பெட்டியின் பட்டனை நீளமாக அழுத்தினாள். விளக்கு மினுக் மினுக் என்று அடித்தது.

"இப்ப இது காத்துட்டு இருக்கு பெரியப்பா. நான் அமுக்குறத அப்படியே பிடிச்சுக்கும்."

"உன்னை மாதிரி மனப்பாடமா?"

இதில் கிண்டல் பாதி. அவள் காதில் வாங்காத மாதிரி 'ஏற்று' பட்டனை அமுக்கினாள். ஒன்றும் இல்லை. இன்னொரு முறை. ஒன்றும் இல்லை. ஹாலில் இவர்கள் போட்ட சத்தத்தில், சாப்பாட்டு மேசைப் பக்கம் உட்கார்ந்து டிவி தொடர் பார்த்துக்கொண்டிருந்த பெரியம்மா முகத்தைச் சுளித்தாள். அந்த வீட்டில் ஹாலையும் சாப்பாட்டு இடத்தையும் பிரிக்கக் கதவு கிடையாது, அகலமான திறப்புதான். மூன்றாவது முறை அமுக்கியபோது விளக்கு பச்சையானது. அடுத்து 'இறக்கு'. கொஞ்ச நேரம் அடம் பிடித்தது. டிவியில் விளம்பரம் வந்து வீடே அலறியது, பிறகு அடங்கியது. அதற்குள் இங்கேயும் பச்சை.

"முடிஞ்சுது" என்றாள் இன்ஜினியரம்மா.

பெரியப்பா ஒரு தட்டைப் போட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்து, குட்டி ரிமோட்டை நீட்டி அமுக்கினார். பெட்டியின் முகப்பில் கெய்னைக் காட்டும் எண் அசையவில்லை. திரும்ப அமுக்கினார். எல்லோரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு வரி பாட்டு முடிகிற நேரம் கழித்து, எண் ஒன்று ஏறியது. இன்னொன்றும் ஏறியது.

"ஏறுது, ஏறுது! ஆனா கொஞ்சம் யோசிச்சுதான் ஏறுது."

"டிஜிட்டல்னா அப்படித்தான் பெரியப்பா. உள்ள ப்ராசஸ் பண்ணும்."

வாழ்க்கையில் அவள் இவ்வளவு உறுதியாக எதையும் சொன்னதில்லை. இவ்வளவு தெரியாமலும் சொன்னதில்லை. பெரியப்பா தலையை ஆட்டினார். முகம் மலர்ந்தது. ஓரமாக நின்றிருந்த அப்பா அந்த மலர்ச்சியைப் பார்த்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"அண்ணா, சின்னவ விஷயமா ஒரு வார்த்தை..."

எண் மறுபடி ஏறியது. யாரும் எதையும் அமுக்கவில்லை. இன்னொன்று ஏறியது. பாட்டுக்காரர் வீறிட்டார். சிவப்பு விளக்கு மின்னியது.

"என்ன எழவு இது!" என்று பெரியப்பா காதைப் பொத்திக்கொண்டார். அப்பாவின் தொண்டை மறுபடி மூடிக்கொண்டது.

அந்த வாரம் முழுக்கப் பெட்டிக்குப் பேய் பிடித்திருந்தது. மாடியிலிருந்து தினமும் செய்தி வந்தது. சாயங்காலமானால் ஏறுகிறது. பாட்டுப் போடப் போட இன்னும் ஏறுகிறது. வீட்டு ஃபோன் அடித்தால் மட்டும் கடகடவென்று இறங்குகிறது. "யாராவது பேசினா மரியாதையா தானே குறைச்சுக்குது, அது ஒண்ணுதான் நல்லா இருக்கு" என்று பெரியப்பாவே அப்பாவிடம் சொன்னாராம். "மத்தபடி நல்லா இருந்த சாமானைக் கெடுத்துட்டா உன் பொண்ணு."

கெட்டுப் போயிருந்ததை இன்னும் கெடுத்ததாகச் சொல்லியிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். நல்லா இருந்த சாமானாம்! அந்த ஒரு வார்த்தைக்காக ஆபீசில் நாள் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு எண்களை மாற்றினாள். இரண்டு வாடிக்கையாளர்களின் வயதை மாற்றிப் போட்டு, ஒருவரை அவர் அம்மாவைவிட மூத்தவராக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவும் இரண்டு பெண்களும் மாடிக்குப் போனார்கள். மறுநாள் திங்கள். இளையவள் வாசலருகே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள், அங்கேயே நின்றால் யார் கண்ணிலும் படாமல் தப்பித்துவிடலாம் என்பது மாதிரி. பெரியப்பா சோபாவில். பெரியம்மா அவளுடைய இடத்தில், டிவி முன்னால்.

இன்ஜினியரம்மா இந்த முறை தயாராக வந்திருந்தாள்.

"பெரியப்பா, உங்க முள் எந்த வகை? காந்தம் அசையுற வகையா, சுருள் அசையுற வகையா?"

"பாட்டு பாடுற வகை."

"இல்ல பெரியப்பா, அத வச்சுத்தான் கெய்ன் எவ்வளவுன்னு முடிவு பண்ணணும். சுருள் வகைன்னா சிக்னல் ரொம்பச் சின்னதா வரும், நிறைய தூக்கணும்."

"தூக்கு."

தூக்கினாள். முள் காந்த வகைதான் என்பது அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. ஸ்பீக்கரிலிருந்து வந்த அலறலில் மேசையிலிருந்த டீ டம்ளர் நகர்ந்தது. அவசரமாகப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தாள். பாட்டு ஒழுங்காக வந்தது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். மெதுவாக எண் ஏறியது.

"வெயில்" என்றாள். "சூரிய வெளிச்சத்துலயும் ரிமோட்ல வர்ற மாதிரி கதிர் உண்டு. ஜன்னலை மூடுங்க."

திரையை இழுத்து மூடினார்கள். எண் ஏறியது. ட்யூப் லைட்டை அணைத்தார்கள். இருட்டில் எண் இன்னும் பளிச்சென்று ஏறியது. இதற்கிடையில் ஸ்பீக்கரில் கொய்ங் என்று ஓர் இரைச்சல். பிளேயரின் இரும்புத் தட்டில் தற்செயலாக அப்பாவின் கை பட்டதும் அது நின்றது. எர்த் பிரச்சனை! இதாவது பாடத்தில் படித்தது.

"அப்பா, அப்படியே நில்லுங்க. விரலை எடுத்துடாதீங்க."

அப்பா அப்படியே நின்றார். எத்தனையோ பீரோக்களையும் கட்டில்களையும் மாடி மாடியாக ஏற்றி இறக்கிய மனிதர், ஒற்றை விரலால் பிளேயரைத் தொட்டுக்கொண்டு, மூச்சுகூடச் சத்தமில்லாமல் நின்றார்.

இரைச்சல் போய்விட்டது. எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

"நாலு வருஷம்" என்றார் பெரியப்பா. பாட்டுச் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தினார். "நாலு வருஷம் படிச்சவ இருட்டுல நின்னு பெட்டியத் தடவிட்டு இருக்கா. அப்பன எர்த் கம்பி ஆக்கிட்டா. இந்த லட்சணத்துல அடுத்தவளையும் அனுப்பணுமாம். எல்லாம் எனக்குத் தெரியும். அவ படிச்சுட்டு வந்து என்ன, வேனைக் கெடுப்பாளா?"

"அண்ணா, நாளைக்குள்ள சொல்லணும்ணா" என்றார் அப்பா, விரலை எடுக்காமல்.

"என்ன சொல்றே? கேக்கல!"

"நாளைக்குள்ள சொல்லணும்!"

"பெரியப்பா, நீங்க என்னைத் திட்டுங்க. அவள எதுக்கு இழுக்கறீங்க?" என்று இன்ஜினியரம்மாவும் கத்தினாள். எண் ஏறியது. பாட்டு கிழிந்தது. பெரியப்பா அதற்கு மேல் கத்தினார். டிவியில் யாரோ ஒருத்தி அழுவதும் சேர்ந்து பெரிதானது. அவள் அழுகை ஏன் பெரிதாகிறது என்று எரிச்சலோடு திரும்பினாள் இன்ஜினியரம்மா.

இருட்டில் டிவி வெளிச்சம் பெரியம்மாவின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. பெரியம்மா பாவம், கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, தொடரில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க முயன்றுகொண்டிருந்தாள். ரிமோட் பிடித்த கை நீண்டது. கட்டைவிரல் அமுங்கியது. டிவி ஒருபடி ஏறியது. டிவிக்கு நேர் பின்னால், ஹாலின் அந்தக் கோடியில், பெட்டியின் எண்ணும் ஒன்று ஏறியது.

பாட்டு பெரிதானால் பெரியம்மாவுக்கு டிவி கேட்காது. டிவி கேட்காவிட்டால் ஏற்றுவாள். ஏற்றினால் பாட்டு பெரிதாகும். பாசிட்டிவ் ஃபீட்பேக். வெளியே போன சத்தம் சுற்றிவந்து தன்னையே தூக்கிவிடும் சுற்று. பரீட்சையில் இதே கேள்வி வந்தது. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, அம்புக்குறி வரைந்து, முழு மார்க் வாங்கியவள் அவள். ஒரு வாரமாக அந்தப் படத்துக்குள்ளேயே நின்றிருக்கிறாள். படத்தில் பெரியம்மா இல்லை, அதனால் அடையாளம் தெரியவில்லை.

அப்படியென்றால் பெட்டி அன்றைக்குக் கற்றுக்கொண்டது டிவி ரிமோட்டை. அப்படியென்றால் அவள் அமுக்கிய குட்டி ரிமோட்டிலிருந்து எதுவுமே போகவில்லை. ஏன் போகவில்லை? சோபாக் கையில் கிடந்த அதை எடுத்து, முதல்முறையாகப் பின்பக்க மூடியைத் திறந்தாள். பொத்தான் பேட்டரி பளபளவென்று புதிதாக இருந்தது. அதற்கும் தகட்டுக்கும் நடுவில், கடையிலிருந்து வந்தபடியே, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பட்டை. முதலில் இதை உருவுங்கள் என்பதுதான் அவள் தள்ளிவிட்ட அந்த எளிமையான முதல் பக்கமாக இருந்திருக்கும்.

பட்டையை உருவினாள். யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அதைக் கைக்குள் மடக்கிக்கொண்டாள். உள்ளே சாஃப்ட்வேர் குழம்பியிருக்கிறது என்று சொல்லலாம். திரும்பக் கற்றுக்கொடுத்துவிட்டுத் தலை நிமிர்ந்து இறங்கிப் போகலாம். சோதனை ஓட்டம் பாஸ். தங்கைக்காகத்தானே, ஒரு சின்னப் பொய்.

"நிறுத்துங்க! கண்டுபிடிச்சுட்டேன்" என்றாள். "பெரியம்மா டிவியை ஏத்தினா இதுவும் ஏறுது. பெட்டி டிவி ரிமோட்டைத்தான் கேக்குது."

பெரியப்பா திரும்பிப் பெரியம்மாவைப் பார்த்தார்.

"நெனச்சேன். நீதானா? ஒரு வாரமா என் உயிரை வாங்கினது நீதானா? படிக்காதவ கையில ரிமோட்டைக் குடுத்தா இப்படித்தான். எதையாவது அமுக்கிட்டே இரு!"

பெரியப்பாவும் எட்டாவதோடு நின்றவர்தான். கடை வைத்த பிறகு அதெல்லாம் கணக்கில் வராது. பெரியம்மா கோபப்படவில்லை. இது வழக்கமாக வருகிற பஸ் என்பது போல, ரிமோட்டைப் பக்கத்து நாற்காலியில் வைக்கப் போனாள்.

அந்த வைக்கப் போன கைதான் இன்ஜினியரம்மாவின் கணக்கைக் கெடுத்தது.

"பெரியம்மா ஒண்ணும் பண்ணல. பண்ணினது நான்." மடக்கிய கையை விரித்தாள். "இந்தப் பட்டைய உருவாம, செத்த ரிமோட்டை வச்சுட்டு அன்னிக்கு வித்தை காட்டினேன். அந்த நேரம் பெரியம்மா அவங்க டிவியை ஏத்தியிருக்காங்க, இறக்கியிருக்காங்க. பெட்டி அத எடுத்துக்கிச்சு. யோசிச்சு ஏறுதுன்னு நான் சொன்னது சுத்தப் பொய். அது எதையும் யோசிக்கல. நானும் யோசிக்கல."

பெரியப்பா பட்டையை வாங்கி டிவி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுவா? இந்தக் காகிதத்த உருவத் தெரியலையா உனக்கு? இதுக்கா படிப்பு?"

இதற்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் அவளுக்குப் படியிறங்கும்போது தோன்றியது. அருமையான பதில், அடுக்கடுக்காக வந்தது, கேட்கத்தான் ஆளில்லை. அந்த நேரத்தில் வாயில் வந்தது வேறு.

"நாங்க மட்டும் தப்பே பண்ணக் கூடாதா பெரியப்பா? பண்ணினா உடனே படிப்பப் பிடுங்கிடுவீங்களா? கதவே திறக்காத பீரோவ செஞ்சு கல்யாண வீட்டுக்கு அனுப்பினீங்களே, யாராவது உங்கள கடைய மூடச் சொன்னாங்களா?"

பிளேயரில் இருந்த அப்பாவின் விரல் நழுவியது. கொய்ங் என்றது ஸ்பீக்கர்.

பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். கழுத்து நரம்பு புடைத்தது. பாட்டையும் டிவியையும் சேர்த்து அமுக்குகிற மாதிரிக் குரலை எடுத்தார். "என் வீட்டுக்குள்ளயே நின்னுட்டு, என் சோத்துலயே..."

பெரியம்மா ரிமோட்டை இன்னும் கீழே வைக்கவில்லை. கையை நீட்டினாள். 'இறக்கு' பட்டனை அமுக்கியபடியே பிடித்தாள். டிவியில் அழுகை தேய்ந்தது. ஹாலில் பாட்டும் கூடவே இறங்கி இறங்கி, கொசு முனகலாகி, அதுவும் நின்றது. அந்த நிசப்தத்தின் நடுவில் பெரியப்பாவின் கத்தல் மட்டும், உடுப்பில்லாமல் தெருவில் மாட்டிக்கொண்ட ஆள் மாதிரி, தனியாக நின்றது.

"...வளந்துட்டு, எனக்கே..."

அவருக்கே அது கேட்டுவிட்டது. மிச்ச வாக்கியத்தை மெதுவாகச் சொல்லிப் பார்க்க வாயைத் திறந்தார். மெதுவாகச் சொல்கிற மாதிரி வாக்கியமாக அது இல்லை.

"சின்னவளை அனுப்புங்க" என்றாள் பெரியம்மா.

"நீ சும்மா இரு. உனக்கென்ன..."

பெரியம்மா மறுபடியும் பெட்டிப் பக்கம் ரிமோட்டை நீட்டி அமுக்கினாள். இறங்குவதற்கு அதில் எதுவும் மிச்சமில்லை. பெரியப்பாதான் இறங்கினார்.

"தான் பண்ணின தப்பைத் தானே கண்டுபிடிச்சு, தானே ஒத்துக்கிட்டா" என்றாள் பெரியம்மா. "இந்த வீட்டுக்கு நான் வந்த நாளா இப்படி ஒண்ண நான் பாத்ததில்ல. படிச்சா அது வரும்னா, இன்னொருத்தியும் படிக்கட்டும்."

பெரியப்பா பட்டையை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார். அது மடங்காமல் விரிந்து விரிந்து நின்றது.

"சரி, போகட்டும். ஆனா ஒண்ணு" என்று விரலை உயர்த்தினார். தோற்றுப் போனாலும் கடைசி நிபந்தனை அவருடையதாக இருக்க வேண்டும். "இவ படிச்சத அவ படிக்கக் கூடாது. எனக்கு இன்னொரு இன்ஜினியரைத் தாங்குற சக்தி கிடையாது."

செருப்புகள் பக்கமிருந்து முதல்முறையாகக் குரல் வந்தது. "நான் அதக் கேக்கவே இல்லையே பெரியப்பா. நான் படிக்கப் போறது பாறை."

"என்னது?"

"பாறை. கல்லு, மண்ணு, பூமிக்கு அடியில என்னென்ன அடுக்கு இருக்குன்னு."

பெரியப்பா அவளை ஏற இறங்கப் பார்த்தார். நன்றாக யோசித்தார்.

"கல்லுக்கு ரிமோட் கிடையாதுல்ல?"

"கிடையாது பெரியப்பா."

"அப்ப சரி."

அந்த 'அப்ப சரி'யில், தங்கையின் வெற்றியும் தன் நாலு வருஷப் படிப்பின் மேல் விழுந்த முத்திரையும் ஒன்றாகவே இருப்பது இன்ஜினியரம்மாவுக்குப் புரிந்தது. எந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொள்வது என்றுதான் புரியவில்லை.

"அண்ணா" என்றார் அப்பா இருட்டிலிருந்து. "நான் விரலை எடுக்கலாமா?"

பெரியப்பா முகம் கழுவ உள்ளே போனார். அப்பாவும் இளையவளும் அம்மாவிடம் சொல்வதற்காகப் படிகளில் தடதடவென்று ஓடினார்கள். இன்ஜினியரம்மா மட்டும் பெட்டி முன்னால் உட்கார்ந்து, விளக்கத்தாளை முதல் பக்கத்திலிருந்து, வெட்கப்படாமல், வரிக்கு வரி படித்தாள். 'ஏற்று' பட்டனைக் குட்டி ரிமோட்டிலிருந்து ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தாள். உடனே பச்சை. 'இறக்கு' பட்டனுக்குப் போகும்போது தோளில் ஒரு கை விழுந்தது.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றாள் பெரியம்மா, உள்ளே ஒரு கண் வைத்துக்கொண்டு.

"பெரியம்மா, அப்புறம் பெரியப்பா அமுக்கினா குறையாது. உங்க ரிமோட்டுக்குத்தான் குறையும்."

"அவரு எதைக் குறைச்சிருக்காரு, இதைக் குறைக்க?"

நியாயமான கேள்வி. இன்ஜினியரம்மா விளக்கத்தாளை மடித்து வைத்தாள். எழுந்து போவதற்கு முன், பெட்டிக்கும் பெரியம்மாவின் நாற்காலிக்கும் நடுவே எதுவும் மறைக்காதபடி பூச்சாடியை மட்டும் கொஞ்சம் நகர்த்தினாள். அதுதான் அவள் இதுவரை செய்ததிலேயே சரியாக அமைந்த இன்ஜினியரிங் வேலை.

இளையவள் புறப்படுவதற்கு முந்தைய சாயங்காலம், கீழ் வீட்டில் நடு அறை முழுக்கத் துணியாகக் கிடந்தது. அம்மா துணிப்பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தாள். அது பாதியில் மாட்டிக்கொண்டது. "இன்ஜினியர்தானே, வந்து பாரு" என்றாள். மூத்தவள் முட்டி போட்டு உட்கார்ந்து அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது, மாடியில் இசைத்தட்டு உச்ச ஸ்தாயியில் பாடிக்கொண்டிருந்தது. திடீரென்று இறங்க ஆரம்பித்தது. படிப்படியாக, அவசரமில்லாமல், முனகல்வரை போய் நின்றது.

"இன்ஜினியரம்மா!" படிக்கட்டின் மேலிருந்து பெரியப்பாவின் குரல். "மறுபடி தானா குறையுது! இவளைக் கேட்டா தொடவே இல்லைங்கிறா!"

மூத்தவள் இளையவளைப் பார்த்தாள். இளையவள் வாயில் துப்பட்டாவை வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"டிஜிட்டல்னா அப்படித்தான் பெரியப்பா!" என்று மாடிக்குக் கேட்கும்படி கத்தினாள் இன்ஜினியரம்மா. "யோசிக்கும்!"